‘எஸ். லூயி’ என்று கீறியவர்

போன ஆண்டு முதுகலைத் தமிழ் மாணவிகளுக்குப் பெண் ஓவியர்கள் பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு. கவிதை படிக்கிறவர்கள் படமும் பார்க்க வேண்டும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டது. பிரான்ஸில் சான்லிஸ் என்ற சிற்றூரில் வீட்டுவேலை செய்து பிழைத்தபடி, இரவுகளில் பூக்களும் இலைகளும் வரைந்த செராஃபீன் லூயியைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு எழுதி நகலெடுத்துக் கொடுத்திருந்தேன். வாசித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: “மேம், இதுல அந்த ஓவிய வியாபாரிய ‘வந்தார், பார்த்தார், வாங்கினார்’னு எழுதியிருக்கீங்க. இவங்கள மட்டும் ‘துடைத்தாள், துவைத்தாள், வரைந்தாள்’னு எழுதியிருக்கீங்களே?”

இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஓரிடம்கூடத் தப்பவில்லை. வாங்கியவருக்கு ‘ஆர்’, வரைந்தவருக்கு ‘ஆள்’. அன்பினால் அப்படி வந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். கவிதையில் நாம் நம்மையே ‘அவள்’ என்றுதானே எழுதுகிறோம் என்றேன். அது பொய்யில்லை, ஆனால் பாதி உண்மைதான். மீதிப் பாதி, அவர் தரை துடைப்பவர் என்பது. விகுதி என் கையிலிருந்து வரவில்லை. என் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது.

இந்தக் கட்டுரையை அந்த மாணவியின் கேள்வியிலிருந்து மறுபடி எழுதுகிறேன்.

படர்க்கையில் மரியாதை விகுதி இல்லாத மொழிகளில் இந்த வேலையைப் பெயர் செய்துவிடுகிறது. லூயியை உலகுக்குக் காட்டியவர் என்று அறியப்படும் வில்ஹெல்ம் உடே, பள்ளிக்கூட ஓவியப் பயிற்சி இல்லாத ஐந்து ஓவியர்களைப் பற்றி எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. ‘ஐந்து ஆதி ஓவிய மேதைகள்’ என்பது போன்ற தலைப்பு. அந்த ஐவர்: ரூசோ, விவேன், பொம்புவா, போஷான், செராஃபீன். ரூசோ சுங்கச்சாவடி ஊழியர். விவேன் தபால் துறைக்காரர். பொம்புவா சர்க்கஸில் பளு தூக்கியவர். போஷான் நாற்றங்கால் வைத்திருந்தவர். ஒருவர்கூட மேட்டுக்குடி இல்லை. ஆனாலும் நால்வரும் குடும்பப் பெயரால் அழைக்கப்படுகிறார்கள், கலை வரலாற்றில் ஓர் ஆளை அழைக்க வேண்டிய விதத்தில். ஐந்தாமவர் மட்டும் செராஃபீன். வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து கூப்பிடும் பெயர். வர்க்கம் மட்டும்தான் காரணமென்றால் ஐவரும் முதற்பெயரில் நின்றிருக்க வேண்டும். பிறகு ஊர்ப்பெயரைச் சேர்த்து ‘சான்லிஸின் செராஃபீன்’ என்றார்கள். அது இன்னும் மோசம். புனிதையின் பெயர் போலவும் இருக்கிறது, ஊருக்குப் பொதுவான பைத்தியத்தின் பெயர் போலவும் இருக்கிறது.

அவரோ தன் படங்களில் ‘எஸ். லூயி’ என்று ஒப்பமிட்டார். தூரிகையால் அல்ல. பலமுறை கத்தியால் கீறினார், சில வேளை படத்தைத் தொடங்கும் முன்பே. முதலில் பெயர், பிறகு பூ. இதைவிடத் தெளிவாக ஓர் ஓவியர் தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வார்? ஆகவே இனி லூயி.

லூயி 1864 செப்டம்பரில் உவாஸ் பகுதியின் ஆர்சி கிராமத்தில் பிறந்தார். அவருக்கு ஒரு வயது நிறைந்த நாளிலேயே தாய் இறந்தார். ஏழு வயதாவதற்குள் தந்தையும் போனார். அக்காள் வளர்த்தார். கொஞ்சகாலம் ஆடு மேய்த்தார். பதினேழு வயதளவில் கிளெர்மோன் நகரத்துக் கன்னியர் மடத்தில் வேலையாளாகச் சேர்ந்தார். துறவியாக அல்ல, துறவிகளுக்கு வேலை செய்பவராக. இருபது ஆண்டுகள் அங்கே கழிந்தன. 1901க்குப் பிறகு சான்லிஸின் நடுத்தர வர்க்க வீடுகளில் கூட்டித் துடைத்துத் துணி துவைத்தார். இந்தக் கிளெர்மோன் என்ற ஊர்ப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 1912. எல்லோரும் சொல்லும் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிக்காசோவையும் பிராக்கையும் ஆரம்பத்திலேயே வாங்கியவர், ரூசோவைப் பற்றி முதலில் புத்தகம் எழுதியவர் என்று பெயர்பெற்ற ஜெர்மானியரான உடே, பாரிஸின் இரைச்சலிலிருந்து விலகிச் சான்லிஸில் அறை எடுக்கிறார். அக்கம்பக்கத்து வீடொன்றில் ஆப்பிள்கள் வரைந்த சிறு படம் ஒன்றைப் பார்த்து அசந்துபோகிறார். வரைந்தவர் யார் என்று கேட்கிறார். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்தான் என்கிறார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகளின் முகம் மலரும். என் முகமும் மலர்ந்திருக்கும். தேவதைக் கதையின் இன்பம் அது. ஆனால் நிதானமாக யோசித்தால், இந்த நிகழ்ச்சியில் கண்டுபிடிக்கப்பட்டது லூயி அல்ல. அவர் தினமும் அந்த வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். வாளி இருந்தது, துடைப்பம் இருந்தது, ஆளும் இருந்தார். உடே அன்று கண்டுபிடித்தது தன் பார்வையில் அதுவரை இருந்த ஓட்டையை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு படம் தேவைப்பட்டது. படம் வரையாத வேலைக்காரர்களுக்கு அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

அடுத்த இரண்டாண்டில் போர். ஜெர்மானியர் என்பதால் உடே 1914 ஆகஸ்டில் பிரான்ஸை விட்டுப் போக நேர்ந்தது. அவருடைய சேகரிப்பை எதிரிநாட்டுச் சொத்து என்று அரசு பறிமுதல் செய்து 1921இல் ஏலம் விட்டது. அவர் இழந்ததும் சின்னதில்லை. போர் முடிந்து பிரான்ஸுக்குத் திரும்பினாலும் லூயியைத் தேடிப் போகவில்லை. 1927இல் பக்கத்து ஊரான ஷான்டியியில் குடியிருந்தபோது, சான்லிஸ் நகரசபைக் கட்டடத்தில் உள்ளூர்க் கலைஞர்களின் கண்காட்சிக்குப் போய், அங்கே லூயியின் படங்களைப் பார்க்கிறார். இடையில் பதின்மூன்று ஆண்டுகள். லூயிக்கு அப்போது அறுபத்துமூன்று வயது.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை நூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. லூயியின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்து ஆண்டுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள்: 1912, 1914, 1927, 1930. இவை எல்லாமே உடேயின் வாழ்வில் நடந்தவை. உடே வந்தது, உடே போனது, உடே திரும்பியது, உடே கைவிட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை ஆணின் நாட்குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. வாங்க ஆளில்லாமல், பாராட்ட ஆளில்லாமல், பகலெல்லாம் பிறர் வீட்டு அழுக்கைக் கழுவிவிட்டு இரவில் விளக்கு வெளிச்சத்தில் அவர் தொடர்ந்து வரைந்ததால்தான் 1927இல் நகரசபைச் சுவரில் மாட்ட ஏதோ இருந்தது. என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதி அந்தப் பதின்மூன்று ஆண்டுகள்தான்.

படங்களுக்கு வருவோம். இவ்வளவு நேரம் வராமலிருந்ததே என் பிழை. பெண் கலைஞர்களைப் பற்றி எழுதும்போது துயரம் முதலில் ஓடிவந்து உட்கார்ந்துவிடுகிறது.

முதலில் சின்னச் சின்னப் படங்கள், பழங்கள், பூங்கொத்துகள். 1927க்குப் பிறகு உடே தந்த ஆதரவில் இரண்டு மீட்டர் உயரம் வரை போகும் பெரிய துணிகள். 1928இல் வரைந்த ‘வாழ்வின் மரம்’ இன்று சான்லிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூ ஓவியம் என்று நாம் பழகியிருப்பதை மனதில் வைத்துக்கொண்டு லூயியிடம் போனால் திடுக்கிடும். மேசை இல்லை, ஜன்னல் இல்லை, பூவைக் கொய்து வைத்த வீடு இல்லை. கீழே கொஞ்சம் நிலமோ ஒரு சாடியோ இருந்தால் உண்டு. மற்ற இடமெல்லாம் இலை, இலைமேல் இலை. ஒவ்வோர் இலைக்கும் ஓரம் சிறகுபோலச் சிலிர்த்திருக்கிறது. சில இலைகளின் நடுவில் கண் திறந்திருக்கிறது, இமைமயிரோடு. சில பூக்கள் சிப்பி போலவும் சில அறுத்த பழத்தின் சதை போலவும் இருக்கின்றன. இது என்ன பூ என்று தாவரவியல் படித்தவர்கள் சொல்ல முடியாது. எந்த இலையும் சும்மா இருப்பதில்லை. காற்று வேண்டாம், தானாகவே அசைகிறது. பார்க்கப் பார்க்க, நாம் மரத்தைப் பார்க்கிறோமா மரம் நம்மைப் பார்க்கிறதா என்ற சந்தேகம் வந்துவிடும்.

லூயிக்குச் சரியாக இருநூறு ஆண்டுகள் முன்பு, 1664இல் பிறந்தவர் நெதர்லாந்தின் ரேச்சல் ரொய்ஷ். பூ ஓவியத்தில் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய தந்தை தாவரவியலும் உடற்கூறும் அறிந்த பேராசிரியர், வீடு நிறையப் பதனிட்ட மாதிரிகள். ரொய்ஷின் பூவில் ஒரு எறும்பு ஊர்ந்தால் அதன் கால்களை எண்ணலாம். அந்த அறிவு அழகானது. ஆனால் அதற்கு ஒரு தந்தையின் நூலகம் வேண்டும். லூயியிடம் இருந்தது மடத்துத் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளின் நினைவும், கடையில் கிடைக்கும் ரிப்போலின் என்ற பெயின்ட்டும். சுவருக்கும் கதவுக்கும் அடிக்கிற பெயின்ட். அதில் எதையெதையோ கலந்தார். என்ன கலந்தார் என்பதை யாருக்கும் சொல்லவில்லை. தொழில் ரகசியம். ஆண் ஓவியர் ஒருவர் மறைத்திருந்தால் ‘நுட்பம்’ என்றிருப்பார்கள். லூயி மறைத்ததை ‘விசித்திரம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

பூ வரைவதைப் பெண்களுக்கு விட்டுவைத்ததும் தற்செயல் அல்ல. பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஓவியக் கழகம் ஓவியங்களைத் தரம் பிரித்தது. வரலாறும் புராணமும் மேல்படி, அசையாப் பொருள்கள் கடைசிப் படி. மேல்படிக்கு ஏற நிர்வாண உடலைப் பார்த்து வரையும் பயிற்சி வேண்டும். அந்த அறைக்குள் பெண்கள் நுழையக் கூடாது. பாரிஸின் பெரிய நுண்கலைப் பள்ளியே 1897இல்தான் பெண்களைச் சேர்த்தது. கதவைப் பூட்டிவிட்டு, ‘இவர்களுக்குப் பூதான் வரும்’ என்றார்கள்.

நம் மரபில் பூ அப்படிக் கடைசிப் படியில் இருக்கவில்லை. நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பூவின் பெயரையே வைத்தோம். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வரிசையாக வருவது ஒரு பெண்ணின் வாயிலாகத்தான், எழுதியவர் கபிலர் என்றாலும். ஆனாலும் இன்று ஒரு பெண் கவிதையில் பூ வந்தால் கதை வேறு. என் இரண்டாவது தொகுப்புக்கு வந்த மதிப்புரை ஒன்று, ‘பூவும் மழையுமாய் மென்மையான பெண்குரல்’ என்று பாராட்டியிருந்தது. அதில் பூ வருவது ஒரே கவிதையில். அது ஒரு கருக்கலைப்பைப் பற்றியது.

லூயியின் பூக்களை யாரும் மென்மை என்று சொல்லிவிட முடியாது. அதனால் வேறொரு சொல் தேவைப்பட்டது: பித்து. அதற்கு முன்னால் இன்னொரு சொல்லும் இருந்தது: பக்தி. தேவதை வந்து வரையச் சொன்னதாக லூயி சொல்வாராம். இதை வைத்து அவரை அருளாளர் ஆக்கியவர்களும் உண்டு, நோயாளி ஆக்கியவர்களும் உண்டு. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஆடு மேய்த்த நாளிலிருந்து அவர் வாழ்வில் எல்லாமே கட்டளை. எழுந்திரு, அடுப்பு மூட்டு, தண்ணீர் கொண்டு வா. தனக்காக ஓர் இரவை எடுத்துக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று அப்படிப்பட்ட ஒருவர் எப்படி நம்புவார்? எல்லா எஜமானிகளுக்கும் மேலான ஓர் இடத்திலிருந்து கட்டளை வந்தால்தான் நம்புவார். காரைக்காலம்மையாரிலிருந்து நம் பெண்களும் எத்தனை முறை இந்த வழியாகத்தான் வீட்டை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள்! நேர் வாசல் திறந்திருந்தால் தேவதைக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

1920களின் இறுதியில் உடே பாரிஸில் நடத்திய ‘புனித இதயத்தின் ஓவியர்கள்’ கண்காட்சியில் லூயியின் படங்கள் இடம்பெற்றன. கையில் காசு வந்தது. வாழ்நாள் முழுக்கப் பிறர் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களைத் துலக்கியவர், இப்போது தனக்கென்று வெள்ளிச் சாமான் வாங்கினார். கணக்குப் பார்க்காமல் வாங்கினார். வாழ்க்கை வரலாறுகள் இந்த இடத்தில் முகம் சுளிக்கின்றன. பகட்டு, ஊதாரித்தனம், நோயின் முதல் அறிகுறி என்கின்றன. பணம் வந்த ஆண் ஓவியர்கள் வாங்கிய கார்களையும் மாளிகைகளையும் யாரும் அறிகுறி என்று எழுதிப் பார்த்ததில்லை. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1930இல் உடே படம் வாங்குவதை நிறுத்தினார். அவரிடமும் பணமில்லை, அது உண்மை. லூயிக்குப் புரிந்ததெல்லாம், வரையச் சொன்ன உலகம் திடீரென்று வேண்டாம் என்கிறது என்பதுதான். 1932இல் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். விடுதி இருந்த ஊர் கிளெர்மோன். பதினேழு வயதில் வேலைக்காரியாக நுழைந்த ஊருக்குள் அறுபத்தேழு வயதில் நோயாளியாக நுழைந்தார். அதற்குப் பிறகு வரையவில்லை.

அவருக்கு நோய் இருந்ததா? இருந்தது. மருத்துவர்கள் தீராத மனப்பிறழ்வு என்று எழுதினார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஒடுக்கப்பட்ட பெண் என்பதால் அவருடைய நோயையே எதிர்ப்பு என்று கொண்டாடும் கட்டுரைகளை வாசித்திருக்கிறேன், இளவயதில் அப்படி எழுதியும் இருக்கிறேன். நோய் துன்பம்தான். அதைக் கொடியாகத் தூக்கிப் பிடிப்பது, துன்பப்படுகிறவரின் கையில் இன்னொரு வேலையைத் திணிப்பது.

உடே தன் எழுத்தில் லூயி 1934இல் இறந்ததாகக் குறிப்பிட்டார். லூயி இறந்தது 1942 டிசம்பர் 11. கிளெர்மோன் மருத்துவமனையின் கிளையான வில்லே-சூ-எர்க்கெரியில். எட்டு ஆண்டுகள் அவர் காகிதத்தில் இறந்தவராகவும் கட்டிலில் உயிரோடும் இருந்தார். அந்த எட்டு ஆண்டுகளில் அவருடைய படங்கள் பயணம் போயின. 1937-38இல் ‘யதார்த்தத்தின் வெகுமக்கள் மேதைகள்’ கண்காட்சியில் பாரிஸ், சூரிக், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை சென்றன. 1942இலும் பாரிஸில் ஒரு கண்காட்சியில் தொங்கின. அதே 1942இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த பிரான்ஸின் மனநல விடுதிகளில் பங்கீட்டு உணவு போதாமல் நோயாளிகள் மெலிந்து செத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இருந்தவர்கள் கறுப்புச் சந்தையிலோ கிராமத்து உறவினரிடமோ எதையாவது தேடிக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது கிடையாது, பொட்டலம் அனுப்ப யாராவது இருந்தாலொழிய. போர்க்காலம் முழுவதிலும் இப்படி மடிந்தவர்கள் ஏறத்தாழ 45,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். லூயியும் பட்டினியில்தான் இறந்தார். பொதுக்குழியில் புதைத்தார்கள். 1945இல் பாரிஸில் அவருக்கு மட்டுமேயான தனிக் கண்காட்சி நடந்தது.

அடுத்த ஆண்டு, 1943இல், வேறொரு விடுதியில் சிற்பி கமீய் கிளோதெல் இறந்தார். அங்கும் போர்க்காலப் பட்டினி, அங்கும் பொதுக்குழி. முப்பது ஆண்டுகள் அடைத்து வைக்கப்பட்டவர். அவருக்குக் கவிஞரான தம்பி இருந்தார், ரோதேனோடு ஒரு கதை இருந்தது. அந்த இரண்டு ஆண்களையும் விசாரிக்கும் வழியில் நாம் கமீயைக் கண்டடைந்தோம். லூயிக்கு விசாரிக்க ஓர் ஆண்கூடச் சரியாகக் கிடையாது. உடே வில்லன் இல்லை. போர்க்காலத்தில் அவரே பிரான்ஸின் தென்பகுதியில் ஒளிந்து வாழ வேண்டியிருந்தது. அவர் இல்லையென்றால் இந்தப் படங்களும் நமக்கு இல்லை. அதனாலேயே அந்த 1934 எனக்கு உறுத்துகிறது.

மார்த்தேன் புரோவோ 2008இல் எடுத்த ‘செராஃபீன்’ திரைப்படம் அவரைப் பலருக்கு அறிமுகம் செய்தது. யோலாந்த் மொரோவின் நடிப்புக்காக எத்தனை முறையும் பார்க்கலாம். வேலை செய்து தடித்த அந்தக் கைகள், குனிந்து தரை தேய்க்கும்போது வரும் மூச்சு. படம் சிறந்த படம், சிறந்த நடிகை உட்பட ஏழு சேசர் விருதுகள் வாங்கியது. ஆனால் தேவாலய விளக்கெண்ணெயையும் கசாப்புக்கடை இரத்தத்தையும் அவர் திருட்டுத்தனமாகச் சேகரிப்பதில் படத்துக்கு இருக்கும் மோகம், கூலியில் மிச்சம் பிடித்து அவர் பெயின்ட் வாங்குவதில் இல்லை. கடைசிக் காட்சியில் விடுதியிலிருந்து நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நிற்கும் ஒரு பெரிய மரத்தடிக்குப் போய் அமர்கிறார். அழகான காட்சி. முதல் முறை அழுதேன். பிறகு ஒருநாள்தான் கவனித்தேன், பசி அந்தப் படத்துக்குள் வரவே இல்லை.

குறிப்பைத் திருத்தி மறுபடி நகலெடுத்தேன். ‘துடைத்தாள்’ எல்லாம் ‘துடைத்தார்’ ஆயிற்று. திருத்தும்போது கை இரண்டு மூன்று இடத்தில் பழையபடியே போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு வகுப்பில் படத்தைச் சுவரில் போட்டதும் விகுதியைப் பற்றிப் பேசினேன், கத்தியைப் பற்றியும் பேசினேன். எங்கள் துறையின் புரொஜெக்டருக்கு நீலம் சரியாக வராது, சிவப்பெல்லாம் செங்கல் நிறமாகிவிடும். பாதிப் படம்தான் தெரிந்தது. முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து சுவருக்கு அருகே போனார்கள். இலைகளை விட்டுவிட்டுக் கீழ் ஓரத்தில் தேடினார்கள். ஒருவர் மடிக்கணினியில் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். இன்னும் கொஞ்சம் மேம் என்றார். அப்புறம் இருவரும் சேர்ந்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார்கள்.